கேமரா சென்சார் எழாதபோதும் உறங்காதபோதும்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

வாளையாறு மலையடிவாரத்தில், வாழைத் தோட்டங்களின் ஓரமாக நாங்கள் நிறுத்தியிருக்கும் கேமராப் பெட்டிகள் சூரியத் தகட்டையும் 12 வோல்ட் பேட்டரியையும் நம்பி ஓடுபவை. காட்டுப் பக்கத்திலிருந்து யானையோ பன்றியோ வந்தால், அசைவு உணரி தூண்டியதும் கேமரா சென்சார் உறக்கத்திலிருந்து எழுந்து, சில படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிட வேண்டும். உள்ளே லினக்ஸ் ஓடும் சிறிய போர்டு இருக்கிறது. சென்சார்களில் சில ஐஎம்எக்ஸ்219, சில ஓவி5640, இன்னும் சில விலை மலிவு என்பதற்காக வாங்கிய வேறு வகை. பழுது என்று எழுதி ஒட்டப்பட்டு, கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் சென்சார் நன்றாகவே இருந்தது. மின்சாரத்தைக் கொடுக்கும் வரிசையிலோ திரும்ப எடுக்கும் வரிசையிலோதான் டிரைவர், அதாவது சென்சாரை இயக்கும் மென்பொருள், தவறியிருந்தது. ஆகவே இந்த வழிமுறை அந்த வரிசையைச் சுற்றியே அமைகிறது.

ஐஎம்எக்ஸ்219 சென்சாரை எடுத்துக்கொண்டால், அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட், உள்ளீடு வெளியீட்டுக்கு 1.8 வோல்ட், டிஜிட்டல் உட்பகுதிக்கு 1.2 வோல்ட் என மூன்று மின்வழிகள் வேண்டும். அதன்பின் 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (சீரான மின்துடிப்பு) வேண்டும். அதன்பின் சென்சாரை முடக்கி வைத்திருக்கும் ரீசெட் பின்னை விடுவிக்க வேண்டும். விடுவித்த பிறகு ஏறத்தாழ 6.2 மில்லி விநாடி காத்திருந்தால்தான் ஐ2சி என்னும் இருகம்பி இணைப்பின் வழியாகப் பேசினால் அது பதில் சொல்லும். லினக்ஸின் உட்கருவான கெர்னலில் உள்ள டிரைவர் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது. கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் பல, இந்தப் படிகளுள் ஒன்று விடுபட்டதாலோ முன்பின்னாக மாறியதாலோ தோன்றுபவை.

டிரைவர் ஏறியதாகவே தெரியவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

கெர்னல் பதிவில் சென்சாரின் பெயரே காணப்படவில்லை என்றால், முதலில் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எது எங்கே இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) சென்சாருக்கான முனையின் நிலை இயக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா, அதில் எழுதிய பொருத்தச் சொல் டிரைவரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மௌனம் நீடித்தால், அது பெரும்பாலும் -517 என்னும் எண்ணின் வேலை. மின்வழிக்கு வோல்ட் தரும் ரெகுலேட்டரையோ கிளாக்கையோ கொடுக்க வேண்டிய டிரைவர் இன்னும் வரவில்லை, வந்ததும் என்னை மறுபடி கூப்பிடு என்று சென்சார் டிரைவர் கெர்னலிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதையே அந்த எண் குறிக்கிறது. இது பிழை அன்று என்பதால் பதிவில் சத்தமில்லாமல் போய்விடும். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் கோப்பு முறைமையை ஏற்றி, அதில் ஒத்திவைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்தால், எந்தச் சாதனம் காத்திருக்கிறது என்பது தெரியும். டிரைவர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் எதற்காகக் காத்திருக்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். மின் மேலாண்மைச் சில்லுக்கான டிரைவரைக் கெர்னலில் சேர்க்க மறந்துவிட்டு, சென்சார் டிரைவரில் இரண்டு நாள் தேடியவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

அடையாள எண்ணைப் படிக்க முடியவில்லை

எங்கள் மேசைக்கு மிக அதிகமாக வரும் அறிகுறி இது. டிரைவர் ஏறுகிறது, மின்சாரம் கொடுக்கிறது, சென்சாரின் அடையாள ரிஜிஸ்டரை (அடையாள எண் இருக்கும் நினைவிடத்தை) படிக்க முயல்கிறது, -5 அல்லது -121 என்ற பிழையோடு திரும்புகிறது. ஐஎம்எக்ஸ்219 என்றால் பதினறும எண்ணில் 10 என்ற ஐ2சி முகவரியில் 0219 என்ற விடை வர வேண்டும். ஓவி5640 என்றால் 3சி என்ற முகவரியில் 5640 வர வேண்டும். ஏதோ ஒரு எண் வந்து அது வேறாக இருந்தால் நல்ல செய்தி என்றே கொள்ளலாம், ஏனென்றால் மின்சாரமும் கிளாக்கும் ரீசெட்டும் சரியாக இருக்கின்றன, பொருத்தியிருக்கும் மாட்யூல்தான் வேறு. விடையே வராதபோதுதான் வேலை தொடங்குகிறது.

இந்த இடத்தில் பலரும் ஐ2சி வழியை வருடிப் பார்க்கும் கட்டளையை ஓட்டி, முகவரி காலியாக இருப்பதைக் கண்டு, சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. டிரைவர் தோற்றுத் திரும்பும்போது மின்சாரத்தையும் அணைத்துவிட்டே போகிறது. அணைந்த சென்சார் எந்த முகவரியிலும் பதில் சொல்லாது. டிரைவர் வெற்றியோடு ஏறியிருந்தாலோ, அந்த முகவரியில் எண்ணுக்குப் பதிலாக யு என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை தெரியும். டிரைவர் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள், சென்சார் விழித்திருக்கிறது என்பதன்று.

மல்டிமீட்டரை வைத்து அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. மின்வழிகள் உயிரோடு இருப்பது சில மில்லி விநாடிகள்தான். மீட்டரின் எண் நிலைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே டிரைவரில் அடையாள எண்ணைப் படிக்கும் வரிக்கு முன்னால் முப்பது விநாடி உறக்கம் ஒன்றைத் தற்காலிகமாகச் செருகிவிட்டு, அந்த இடைவெளியில் 2.8, 1.8, 1.2 மூன்றையும் கேபிளின் மறுமுனையில், அதாவது மாட்யூலின் பக்கத்தில், அளந்து பாருங்கள். போர்டின் பக்கத்தில் இருக்கும் வோல்ட் மாட்யூலின் பக்கத்திலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, பட்டைக் கேபிளின் நுனி பச்சை பூத்துப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஒரு மின்வழி சுழியத்தில் இருந்தும் டிரைவர் குறை சொல்லவில்லை என்றால், கெர்னல் பதிவில் போலி ரெகுலேட்டரைப் பயன்படுத்துவதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். டிவைஸ் ட்ரீயில் அந்த மின்வழியைக் குறிப்பிடாவிட்டாலோ, பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டாலோ, கெர்னல் ஒரு போலியைக் கொடுத்து டிரைவரைத் திருப்திப்படுத்திவிடும். டிரைவர் இயக்கு என்று சொல்லும், போலியும் இயக்கிவிட்டேன் என்று சொல்லும், வெளியே ஒன்றும் நடக்காது.

அடுத்தது ரீசெட்டின் திசை. இதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு. கெர்னலில் ரீசெட் போன்ற பொதுப் பின்களின் (ஜிபிஐஓ) மதிப்பு என்பது பின்னில் உள்ள வோல்ட் அன்று, டிவைஸ் ட்ரீயில் எழுதிய திசைப்படி திருப்பப்பட்ட மதிப்பு. ஓவி5640 டிரைவரில் 1 என்று எழுதினால் ரீசெட்டில் பிடித்து வை என்று பொருள். ஆகவே டிவைஸ் ட்ரீயில் தாழ்நிலையில் செயல்படுவது என்று குறிக்க வேண்டும். ஐஎம்எக்ஸ்219 டிரைவரிலோ மின்சாரம் கொடுக்கும்போது 1 என்றும் எடுக்கும்போது 0 என்றும் எழுதப்படுகிறது. அதற்கு உயர்நிலையில் செயல்படுவது என்று குறித்தால்தான் சென்சார் விடுபடும். இரண்டு சென்சார்களிலும் ரீசெட் பின் தாழ்நிலையில்தான் செயல்படுகிறது, ஆனால் டிரைவர்களின் வழக்கம் வேறுவேறு. ஒன்றின் டிவைஸ் ட்ரீயை நகலெடுத்து மற்றொன்றுக்கு ஒட்டினால், சென்சார் வேலை செய்ய வேண்டிய நேரம் முழுவதும் ரீசெட்டிலேயே கிடக்கும். முப்பது விநாடி உறக்கத்தில் ரீசெட் பின்னையும் அளந்துவிட்டால் இந்தச் சந்தேகம் ஒரே தொடுதலில் தீர்ந்துவிடும்.

கிளாக்கை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாதவர்கள் டீபக் கோப்பு முறைமையில் உள்ள கிளாக் சுருக்கக் கோப்பைப் பார்த்து, அந்தக் கிளாக் இயக்கப்பட்டிருக்கிறதா, வேகம் என்ன என்பதையாவது உறுதி செய்துகொள்ளலாம். ஐஎம்எக்ஸ்219 டிரைவர் 24 மெகாஹெர்ட்ஸ் தவிர எதையும் ஏற்காமல் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்; சில டிரைவர்கள் அப்படிக் கேட்பதில்லை, அவை தவறான வேகத்தோடு ஓடத் தொடங்கிப் பின்னால் தொல்லை தரும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பத்து முறைக்கு ஒருமுறை மட்டும் அடையாள எண் கிடைக்காமல் போனால், காத்திருப்பு நேரம் போதவில்லை. ஓவி5640 ரீசெட்டிலிருந்து விடுபட்ட பிறகு 20 மில்லி விநாடி கேட்கிறது. ரெகுலேட்டரே மெதுவாக ஏறுவதாக இருந்தால், டிரைவரில் காத்திருப்பைக் கூட்டாமல், டிவைஸ் ட்ரீயில் அந்த ரெகுலேட்டரின் தொடக்கத் தாமதத்தைக் குறிப்பிடுவதே முறை. தாமதம் யாருடையதோ அவருடைய கணக்கில்தான் எழுத வேண்டும்.

பெட்டியை இயக்கி முப்பது விநாடி ஆனதும் கேமரா நின்றுவிடுகிறது

யாரும் கேட்காத ரெகுலேட்டர்களைக் கெர்னல் தொடங்கி ஏறத்தாழ 30 விநாடியில் அணைத்துவிடும். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் இயக்கி வைத்த மின்வழியில் சென்சார் ஓசியில் ஓடிக்கொண்டிருந்தால், அதுவரை நன்றாக இருந்துவிட்டுச் சரியாக அந்த நேரத்தில் நிற்கும். பதிவில் அந்த ரெகுலேட்டரின் பெயரோடு அணைப்பதாக ஒரு வரி இருக்கும். டிவைஸ் ட்ரீயில் அந்த மின்வழியைச் சென்சாரோடு இணைத்துவிட்டால் போதும். அணைக்காதே என்று கெர்னலுக்குத் தொடக்கக் கட்டளையில் சொல்வது சோதனைக்கு மட்டும் சரி.

அடையாள எண் கிடைக்கிறது, படம் ஒன்றும் வரவில்லை

டிரைவர் ஏறிவிட்டது, ஸ்ட்ரீமிங் (படத் தரவை அனுப்புவது) தொடங்கச் சொன்னால் பிழையும் இல்லை, ஆனால் ஒரு ஃபிரேம்கூட வராமல் நேரம் முடிந்துவிடுகிறது. படத் தரவு ஓடும் கம்பி இணைகளான லேன்களின் எண்ணிக்கையும் இணைப்பு அதிர்வெண்ணும் சென்சார் பக்கத்திலும், போர்டில் தரவை வாங்கும் ஏற்பி பக்கத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகு, எல்பி-11 என்னும் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரையும் போர்டையும் இணைக்கும் சிஎஸ்ஐ-2 இணைப்பில் தரவு ஓடாத நேரத்தில் ஒவ்வொரு லேனின் இரு கம்பிகளும் ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் உயர்ந்து நிற்க வேண்டும். பல ஏற்பிகள் இந்த ஓய்வு நிலையைக் கண்ட பிறகே வேகத் தரவுக்குத் தயாராகும்.

ஐஎம்எக்ஸ்219 மின்சாரம் கிடைத்த உடனே தானாக இந்த நிலைக்குப் போவதில்லை. ஒருமுறை ஸ்ட்ரீமிங் தொடங்கி நிறுத்தினால்தான் போகும். அதனால்தான் கெர்னல் டிரைவர் அடையாள எண்ணைப் படித்ததும் ஸ்ட்ரீமிங்கை இயக்கி, நூறு மைக்ரோ விநாடி காத்திருந்து, உடனே நிறுத்துகிறது. சொந்தமாக டிரைவர் எழுதுபவர்கள் இதை வீண் வரி என்று நினைத்து நீக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். நீக்கிய பிறகு சில போர்டுகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது, காரணம் எளிதில் பிடிபடாது.

முதல் முறை நல்ல படம், அடுத்த முறை இருட்டு

இந்த அறிகுறியில் நாங்கள் பட்ட பாடு அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மலிவு வகைச் சென்சார் ஒன்றுக்கு அதை விற்றவர்களே கொடுத்த டிரைவரைப் போட்டு, பட்டறையில் ஒரு வாரம் சோதித்து, குறையில்லை என்று கண்டு தோட்டத்தில் நிறுத்தினோம். மூன்றாம் நாள் தோட்டக்காரர் அலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, நேத்து ராத்திரி ஒத்தக் கொம்பன் வந்து நாப்பது வாழையச் சாச்சுட்டுப் போயிருக்கான். உங்க பொட்டியில பாத்தா வெறும் இருட்டுதான் இருக்குது.” அகச்சிவப்பு விளக்குதான் எரியவில்லை போலும் என்று சொல்லி வைத்தேன். பெட்டியைக் கழற்றி வந்து பார்த்தால் விளக்கு எரிந்தது. இயக்கிய உடன் எடுத்த படங்கள் தெளிவு, அதன்பின் எடுத்தவை எல்லாம் இருட்டு.

காரணம் மூன்று அடுக்காக இருந்தது. சென்சார் உறங்கும்போது ரெகுலேட்டர்கள் அணைகின்றன. அணைந்ததும் சென்சாரின் ரிஜிஸ்டர்கள் அனைத்தும் தம் தொடக்க மதிப்புக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த டிரைவர் ஸ்ட்ரீமிங் தொடங்கும்போது படத்தின் அளவுக்கான அட்டவணையை மீண்டும் எழுதியதே ஒழிய, ஒளிபடும் நேரத்தையும், ஒளிச் சமிக்ஞையைக் கூட்டும் பெருக்கத்தையும் மீண்டும் எழுதவில்லை. எங்கள் நிரலோ ஒவ்வொரு முறையும் அந்த மதிப்புகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்த மதிப்பையே மறுபடி கொடுத்தால், கெர்னலின் கட்டுப்பாட்டு அமைப்பு, மதிப்பு மாறவில்லை என்று கருதி டிரைவரைக் கூப்பிடுவதே இல்லை. மேலே இருப்பவர்கள் எல்லாரும் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க, கீழே சென்சார் எல்லாவற்றையும் மறந்துபோய்க் கிடந்தது.

பட்டறையில் இது ஏன் அகப்படவில்லை என்றால், டிரைவர் தானே உறங்குவதற்கு முன் ஒரு விநாடி காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எங்கள் சோதனை நிரல் அந்த ஒரு விநாடிக்குள் அடுத்த படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு வாரம் முழுவதும் சென்சார் ஒருமுறைகூட அணையவில்லை. தோட்டத்தில் யானை அவ்வளவு அவசரமாக வருவதில்லை.

தீர்வு சிறியது. ஸ்ட்ரீமிங் தொடங்கும் இடத்தில், அளவு அட்டவணையை எழுதி முடித்ததும், ஸ்ட்ரீமிங் ரிஜிஸ்டரைத் தொடுவதற்கு முன், சேமித்து வைத்த கட்டுப்பாட்டு மதிப்புகள் அனைத்தையும் மீண்டும் எழுதச் சொல்லும் ஹேண்ட்லர் செட்டப் அழைப்பைச் சேர்க்க வேண்டும். விழித்தெழும் அழைப்பிலேயே இதை வைத்துவிடலாமே என்று தோன்றும்; வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் விழிப்பு இன்னும் முழுமையடையாததால், மின்சாரம் இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அழைப்பு கேட்டால் இல்லை என்ற விடையே வரும், ஒன்றும் எழுதப்படாது. சோதிக்கும்போது இரண்டு படங்களுக்கு நடுவே சாதனத்தின் ரன்டைம் (உறக்க விழிப்பு மேலாண்மை) நிலைக் கோப்பைப் படித்து, அதில் உறங்கிவிட்டதாகச் சொல் வந்த பிறகே அடுத்த படத்தைக் கேட்க வேண்டும்.

இதன் தலைகீழ் அறிகுறியும் உண்டு: கேமரா ஓடாத நேரத்தில் ஒளிபடும் நேரத்தை மாற்றினால் பிழை வருவது. உறங்கும் சென்சாரில் டிரைவர் எழுதப் பார்க்கிறது என்று பொருள். பயன்பாட்டில் இருந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும் ரன்டைம் அழைப்பை முதலில் வைத்து, அது சுழியம் தந்தால் எழுதாமல் வெற்றி என்று திரும்பிவிட வேண்டும். மதிப்பு அமைப்பில் சேமிக்கப்பட்டிருக்கும், அடுத்த ஸ்ட்ரீமிங்கில் போய்ச் சேரும்.

சென்சார் உறங்குவதே இல்லை, விடியுமுன் பேட்டரி தீர்கிறது

12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் கணக்குப்படி 84 வாட் மணி இருக்கிறது. வீணாக அரை வாட் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 வாட் மணி போய்விடும். மழை மூட்டம் நாலைந்து நாள் நீடித்தால் பெட்டி அணைந்துவிடும். ரன்டைம் நிலைக் கோப்பு எப்போதும் விழிப்பு என்றே காட்டினால், முதலில் அதன் பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கோப்பு தானியங்கி என்று இருக்கிறதா, யாரோ சோதனைக்காக எப்போதும் இயக்கு என்று எழுதி மறந்துவிட்டார்களா என்று பாருங்கள். அடுத்து, யாராவது சாதனத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால், சென்சாரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் வைத்திருக்கும் எண்ணிக்கை கசிகிறது; அது சுழியமானால்தான் சென்சார் உறங்கும். எங்கே கசிகிறது என்பதற்கு என் முதல் சந்தேகம் எப்போதும் பிஎம் ரன்டைம் கெட் சிங்க் என்னும் பழைய அழைப்பின் மேல்தான். அது சென்சாரை எழுப்பத் தவறினாலும் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டே திரும்புகிறது. டிரைவர் பிழை என்று கண்டு வெளியேறிவிட்டால் அந்த ஒன்றைக் குறைக்க ஆள் இல்லை. ஒருமுறை கேபிள் அசைந்து ஐ2சி தவறினால் போதும், அதன்பின் அந்தச் சென்சாருக்கு உறக்கமே கிடையாது. கெர்னல் 5.10 பதிப்பில் வந்த ரெஸ்யூம் அண்ட் கெட் அழைப்பு, தவறினால் எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடுகிறது. பழைய அழைப்பு இருக்கும் இடமெல்லாம் இதை வைத்துவிடுவது நல்லது.

நிலைக் கோப்பு உறக்கம் என்று சொல்லியும் மின்வழி உயிரோடு இருந்தால், கதை வேறு. டிரைவர் தொடக்கத்தில் தானே மின்சாரத்தை இயக்கியிருக்கும்; ஆனால் ரன்டைம் அமைப்பிடம் இது விழித்திருக்கிறது என்று சொல்லாமல் அமைப்பை இயக்கியிருக்கும். அமைப்பு உறங்குவதாக நினைத்து முதல் பயன்பாட்டின்போது மறுபடி எழுப்ப, ரெகுலேட்டர் இரண்டு முறை இயக்கப்பட்டு ஒரே முறை அணைக்கப்படும். ரெகுலேட்டர் சுருக்கக் கோப்பில் பயன்பாட்டு எண் 1 என்று நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்தால் இதை உறுதிசெய்யலாம். இயக்கும் வரிக்கு முன்னால், விழித்திருக்கிறது என்று குறிக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

அணைத்து உடனே இயக்கினால் எழவில்லை, சற்றுப் பொறுத்து இயக்கினால் எழுகிறது

அணைத்த பிறகு 1.8 வோல்ட் வழியில் மீட்டரை வைத்தபோது, எண் 1.8-லிருந்து விழுந்து 0.7 அளவில் நின்றுவிட்டது; சுழியத்துக்குப் போகவே இல்லை. ரீசெட் பின்னை உயர்நிலையிலேயே விட்டுவிட்டு ரெகுலேட்டரை அணைத்திருந்தார்கள். போர்டிலிருந்து அந்தப் பின் வழியாகக் கசிந்த மின்சாரம் சென்சாரின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியே மின்வழியை அரைகுறையாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முழுதாக அணையாத சென்சார் முழுதாகத் தொடங்குவதும் இல்லை. அணைக்கும் வரிசையில் முதலில் ரீசெட்டைத் தாழ்த்தி, அதன்பின் ரெகுலேட்டரை அணைக்கும்படி மாற்றியதும் எண் சுழியத்தை நோக்கி இறங்கியது. ஆனால் மின்தேக்கிகள் வடிய நேரம் எடுத்தது. ஆகவே டிவைஸ் ட்ரீயில் அந்த ரெகுலேட்டருக்கு, அணைத்ததற்கும் மறுபடி இயக்குவதற்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தாமதத்தையும் குறித்தோம். ஐ2சி கம்பிகளின் இழுவை மின்தடைகள் எப்போதும் உயிரோடு இருக்கும் 3.3 வோல்ட்டில் இணைக்கப்பட்டிருந்தால், இதே கசிவு அந்த வழியாகவும் வரும். அதை டிரைவரில் திருத்த வழியில்லை; மின்தடைகளைச் சென்சாரோடு அணைந்து எழும் 1.8 வோல்ட் வழிக்கு மாற்றி, இடையில் மட்டம் மாற்றும் சில்லு வைத்து, சால்டரிங் அயர்னோடுதான் உட்கார வேண்டியிருந்தது.